மூன்று என்று எழுதிய நாட்கள்

மாரிஸ் பதினோரு கிலோ குறைய வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் டொரத்தி சிரித்துவிட்டாள். கழுத்தில் குழாய் வைத்துத் தைத்திருந்த இடம் இழுத்தது. சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“பதினோரு கிலோவாம். நம்ம வீட்டு அரிசிப் பையைவிடக் கூடத்தான்லா,” என்று கணவரின் காதோரம் சொன்னாள்.

மாரிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. மேசைமேல் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தப் பிரிவு பொருந்துகிறது, மற்றச் சோதனைகளும் பொருந்துகின்றன, அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. எடையும் ரத்த அழுத்தமும்தான் தடை. ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி பார்ப்போம், அதற்குள் எண்பது கிலோவுக்கு வந்துவிட்டால் சிறுநீரக மாற்றுக் குழுவின் முன் வைக்கிறேன் என்றார் டாக்டர். அது ஜனவரி மாதம்.

டொரத்திக்கு மூன்று வருஷமாக வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்காகக் கையில் போட்டிருந்த இணைப்பு இரண்டு முறை அடைத்துக்கொண்டது. இப்போது கழுத்துக் குழாய். அதுவும் போனால் அடுத்து எந்த இடம் என்பதை டாக்டர் சொல்லவில்லை. ஸ்கேன் படத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தார். அதிலேயே புரிந்துவிட்டது. பிள்ளைகள் இல்லை. கிள்ளானில் இருக்கும் அக்கா ஷெர்லிக்குச் சர்க்கரை நோய். இறந்தவர்களின் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில் டொரத்திக்கு முன்னால் ஆயிரக்கணக்கானோர். மாரிஸின் உடம்புக்குள் இருந்த ஒன்றுதான் அவளுக்கு வழி.

மாரிஸுக்கு ஐம்பத்து நான்கு வயது. சுபாங் ஜெயாவில், தரை ஓடுகளும் குளியலறைக் குழாய்களும் விற்கும் கம்பெனியின் ஸ்டோரில் வேலை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டிலிருந்து தினமும் கொமுட்டர் ரயிலில் போய்வருவார். அதே கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்த யுகேந்திரன், ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் மலையேறுகிறவன். விஷயத்தைக் கேட்ட மறுநாளே, தான் முன்பு ஓட்டிய சைக்கிளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, புது டயர் மாட்டி, ஸ்டோர் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

“ஜிம்முக்குப் போக உங்களுக்கு நேரம் எங்க அங்கிள்? வேலைக்கு வர்ற வழியே ஜிம்முதான். வர்றதுக்குப் பதினெட்டு கிலோமீட்டர், போறதுக்குப் பதினெட்டு. ஆனா கன்னாபின்னான்னு மிதிக்கக் கூடாது. ஒடம்பு எவ்வளவு சுமை தூக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, கொஞ்சங் கொஞ்சமா ஏத்தணும்.”

“அத எப்படிப்பா தெரிஞ்சுக்கிறது?”

யுகேந்திரன் தன் சைக்கிளின் பெடல் தண்டைத் தட்டிக் காட்டினான். “என்னோடதுல பவர் மீட்டர் இருக்கு. கால் எவ்வளவு அழுத்துதுன்னு இது சொல்லிடும். பொய் சொல்லாது. உங்க சைக்கிள்ல அது கிடையாது. அதனால நீங்கதான் மீட்டர்.”

“நானா?”

“சைபர்லேர்ந்து பத்து வரைக்கும் ஒரு நம்பர் சொல்லணும். சோபாவுல உக்காந்திருந்தா சைபர். பாட்டுப் பாடிக்கிட்டே மிதிச்சா மூணு. பேச்சு துண்டுதுண்டா வந்தா அஞ்சு. ஒரு வார்த்தைக்கு மேல வரலன்னா ஏழு, எட்டு. செத்தா பத்து.”

“செத்தவன் எப்படிப்பா நம்பர் சொல்லுவான்?”

“வாட்ஸ்அப் பண்ணுங்க அங்கிள், போதும்.”

இருவரும் சிரித்தார்கள். பிறகு யுகேந்திரன் விரலை மடக்கிக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். “எத்தனை நிமிஷம் மிதிச்சீங்களோ, சிக்னல்ல நின்னதக் கழிச்சிட்டு, அத இந்த நம்பரால பெருக்கணும். எழுபது நிமிஷம், மூணு. இருநூத்திப் பத்து. அதான் அந்தத் தடவைக்குச் சுமை. வாரக் கடைசியில கூட்டிப் பார்த்துட்டு, அடுத்த வாரம் எவ்வளவு ஏத்தலாம்னு நான் சொல்றேன். இன்னொண்ணு. எறங்கின ஒடனே நம்பர் போடாதீங்க. மூச்சு வாங்கும்போது எல்லாமே பத்தாத் தெரியும். அரை மணி கழிச்சு, அமைதியா யோசிச்சுப் போடுங்க.”

நல்ல யோசனைதான். ஆனால் அந்த அரை மணி நேரம்தான் பின்னால் எல்லாவற்றையும் கெடுத்தது.

முதல் வாரங்களில் மாரிஸ் உள்ளதை உள்ளபடி எழுதினார். பங்சார் மேட்டில் நெஞ்சு அடைத்தது. கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரமாகப் போகும் மோட்டார் சைக்கிள் பாதையில், சுரங்க வளைவுகளுக்குள் நுழையும்போதெல்லாம் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஆறு, ஏழு, ஆறு, ஏழு. சமையலறைச் சுவரில் தொங்கிய மாதா கோயில் காலண்டரில், இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசன வெள்ளிகளுக்கு மீன் படம் போட்ட அந்தக் கட்டங்களுக்குள், பென்சிலால் நிமிஷத்தையும் நம்பரையும் குறித்தார். இரவுச் சாப்பாட்டுக்கு முன் யுகேந்திரனுக்கு அனுப்பினார். “ஸ்லோவா போங்க அங்கிள், ஏத்த வேணாம்,” என்று பதில் வந்தது.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று அது மாறியது.

நெற்றியில் சாம்பலுடன் பலிபூசையில் உட்கார்ந்திருந்தபோது, பாதர் தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் ஒறுத்தலைப் பற்றிப் பேசினார். நம் துன்பத்தைப் பிறருக்காக ஆண்டவரிடம் ஒப்புக்கொடுக்கலாம், ஒப்புக்கொடுத்த பின் அதைத் திரும்ப வாங்கி எடை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்றார். பெருமைக்காக நோன்பு இருப்பவர்களை மனதில் வைத்துத்தான் அவர் சொல்லியிருப்பார். மாரிஸ் தன் சைக்கிளை நினைத்துக்கொண்டார்.

பக்கத்தில் டொரத்தி வறண்ட உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு டாக்டர் அவளுக்கு அனுமதித்தது மூன்று டம்ளர் தண்ணீர்தான். கஞ்சி, டீ, மாத்திரைக்கு விழுங்குவது, எல்லாம் அந்த மூன்றுக்குள். மத்தியானத்துக்கு மேல் ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு, அது கரையும் வரை கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். மாரிஸ் அன்றே முடிவு செய்தார். வீட்டிலிருந்து ஸ்டோர் வரை, ஸ்டோரிலிருந்து வீடு வரை, ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. அவளுடைய தாகத்தில் ஒரு பங்கைத் தானும் எடுத்துக்கொள்வது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அந்த ஆண்டு முஸ்லிம்களின் நோன்பு மாதமும் தவக்காலமும் ஏறக்குறைய ஒரே நாளில் தொடங்கின. ஸ்டோரில் பாதிப் பேர் பகலில் தண்ணீர் குடிக்காதவர்கள். அவர்களுக்கு நடுவில் மாரிஸ் காய்ந்த வாயுடன் இருந்தது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

காலையில் வந்து சேர்ந்ததும், அடுக்கி வைத்த தரை ஓடுப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். ஜெபமாலையை எடுத்து, அன்றைய பாதையை முதல் மேட்டிலிருந்து கடைசித் திருப்பம் வரை டொரத்திக்காக ஒப்புக்கொடுப்பார். அரை மணி நேரத்தில் மனம் அடங்கி லேசாகிவிடும். அதன் பிறகு நம்பர் போட வேண்டும். ஏழு என்று எழுதக் கை போகும். கொடுத்துவிட்டதைத் திரும்பக் கேட்பதுபோல, முணுமுணுப்பதுபோல அது அவருக்குப் பட்டது. மூன்று என்று எழுதுவார்.

மூன்று பொய் என்று அவர் நினைக்கவே இல்லை. மீதி நாலு ஆண்டவரிடம் இருக்கிறது என்று நினைத்தார்.

ஸ்டோர் வாசலில் ஜாகாவாகக் காவல் வேலை பார்த்தவள் குமுதா. நாற்பது வயதிருக்கும். மாரிஸ் தூரத்தில் வரும்போதே தடுப்புக் கம்பத்தைத் தூக்கிவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்பாள்.

“அண்ணே, நீங்க சைக்கிள ஓட்டுறீங்களா, சைக்கிள் ஒங்கள ஓட்டுதா?”

“ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் தள்ளிக்கிட்டு வர்றோம்மா.”

“மூஞ்சி தக்காளி மாதிரி ஆயிருச்சு. இந்தாங்க.” சாவடிக்குள் இருந்த சின்ன ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து நீட்டினாள். எலுமிச்சைத் தண்ணீரில் அசாம்போய் என்ற உப்பிட்ட உலர்ந்த பிளம் பழம் இரண்டைப் போட்டு, இரவெல்லாம் உறைய வைத்துக் கொண்டுவந்தது. போத்தலின் மேல் வியர்த்து ஓடிய நீரைப் பார்த்ததும் மாரிஸின் தொண்டை தானாக ஏறி இறங்கியது.

“வேணாம் குமுதா. தவக்காலம். வீட்டுக்காரிக்காக ஒரு ஒறுத்தல் எடுத்திருக்கேன்.”

“நானும்தான் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தேன். விரதம் இருந்து, பத்துமலைக்கு நடந்தே போனேன். ஆனா வழியெல்லாம் தண்ணிப் பந்தல் இருக்குலா. குடிக்காமப் போனா பந்தல் போட்டவங்க மனசு நோகும். குடிச்சிட்டுத்தான் போனேன். முருகன் ஒண்ணும் கோவிச்சுக்கல.”

“ஒங்க சாமி வேற, எங்க சாமி வேறம்மா,” என்று மாரிஸ் சிரித்தார்.

“சாமி வேறதான். தாகமும் வேறயா?”

அவர் கைகூப்பிவிட்டு நகர்ந்தார். குமுதா போத்தலை ஐஸ் பெட்டியில் திரும்ப வைத்தாள். மறுநாளும் கொண்டுவந்தாள். அதற்கடுத்த நாளும். வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதென்று அதன்மேல் டேப் ஒட்டி ‘மாரிஸ் அண்ணன்’ என்று எழுதியிருந்தாள். மாலையில் ஷிஃப்ட் முடியும்போது, திறக்காத போத்தலைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போவாள்.

பெரிய பலியைச் செய்யத் துணிந்தவர்களுக்குச் சில நேரம் சின்ன உதவி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆண்டவர் தம்மிடம் தாகமாக வந்தவருக்கு ஒரு போத்தலை அனுப்பியிருக்கலாம் என்று மாரிஸுக்கு அப்போது தோன்றவில்லை.

எடை குறைந்துகொண்டே வந்தது. தொண்ணூற்றொன்று எண்பத்தாறானது, எண்பத்திரண்டானது. யுகேந்திரன் ஒவ்வொரு வாரமும் சுமையைக் கூட்டிப் பார்த்தான். மூன்றால் பெருக்கியது எப்போதும் குறைவாகவே வந்தது. குறைவாக வந்ததால் ஏற்றினான். மாலையில் நேராக வீட்டுக்குப் போக வேண்டாம், ஷா ஆலம் வரை போய்த் திரும்பிப் போங்கள் என்றான். மாரிஸ் போனார். அதற்கும் மூன்று.

மார்ச் கடைசியில் ஒரு மத்தியானம் யுகேந்திரன் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டோருக்குள் வந்தான்.

“அங்கிள், ஒரு சந்தேகம். போன மாசம் வீட்டுலேர்ந்து இங்க வர அறுபத்தி ரெண்டு நிமிஷம். இப்ப எழுபத்தி எட்டு. எளைச்சிருக்கீங்க, பழக்கமும் வந்திருச்சு. நேரம் கொறையணும், ஏறுது. நம்பர் மட்டும் அதே மூணு.”

“காத்து எதிர்க்க அடிக்குதுப்பா.”

“காலையில மூணுன்னா, சாயங்கால வெயில்ல அஞ்சாவது வரணும். மீட்டர் இல்லாதப்ப நேரத்தையும் நம்பரையும் சேத்து வச்சுத்தான் பாக்கணும். ரெண்டும் ஒத்துப் போகல. நெசமாவே மூணுதானா?”

மாரிஸின் தொடைகள் அப்போது நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தன. முந்தைய வாரத்திலிருந்து மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரையைத் தினமும் இரண்டு போட்டுக்கொண்டிருந்தார். வலி மாத்திரை கூடாது என்று டாக்டர் கொடுத்த தாளில் இருந்தது. இது கால்வலிக்குத்தானே, சிறுநீரகத்துக்கா என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

“மூணுதாம்பா,” என்றார்.

யுகேந்திரன் அவர் முகத்தைப் பார்த்தான். தன் அப்பா வயதுள்ள மனிதரை, அதுவும் மனைவிக்காக இவ்வளவு செய்கிறவரை, பொய் சொல்கிறீர்கள் என்று சொல்ல அவனால் முடியவில்லை. “அப்பச் சரி. இன்னும் ரெண்டு கிலோ இருக்கு. வெள்ளிக்கிழமை ஒரு நீண்ட ஓட்டம் போட்டுருவோம். காலையில நேரா கிள்ளான் வரைக்கும் போயிட்டு, அங்கேர்ந்து வேலைக்கு வாங்க. ஆனா நல்லாச் சாப்பிட்டுட்டு, ரெண்டு போத்தல் தண்ணி எடுத்துக்கிட்டு. சரியா?”

அது இயேசு சிலுவையில் இறந்த பெரிய வெள்ளிக்கிழமை என்று யுகேந்திரனுக்குத் தெரியாது. சிலாங்கூரில் அன்று விடுமுறை இல்லை. மாரிஸும் சொல்லவில்லை. நல்ல நாளாகவே அமைந்திருக்கிறது என்று நினைத்தார்.

வியாழக்கிழமை மாலை டொரத்தி காலண்டர் முன் நின்றுகொண்டிருந்தாள்.

“ஏங்க, மொதல்ல ஆறு ஏழுன்னு இருந்துச்சு. இப்ப மாசம் பூரா மூணு. ஒடம்பு நல்லாப் பழகிருச்சுபோல.”

“ஆமா. பாட்டுப் பாடிக்கிட்டே போறேன்.”

“ஒங்க பாட்டக் கேட்டு லோரிக்காரன் எவனும் பயந்துறப் போறான்,” என்றாள். பிறகு குரல் தாழ்ந்தது. “எனக்காக ரொம்பக் கஷ்டப்படுறீங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். இதப் பாத்தப்புறந்தான் நிம்மதி.”

மறுநாள் வெறும் வயிற்றோடு இருட்டிலேயே கிளம்பினார். கிள்ளானை அடையும்போது வெளுத்திருந்தது. ஷெர்லியின் வீடு பக்கத்தில்தான், போகவில்லை. போனால் தண்ணீர் கொடுப்பாள். திரும்பி சுபாங் ஜெயா வந்தபோது கம்பத்தைத் தூக்கிய குமுதா இன்று கிண்டல் செய்யவில்லை. போத்தலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள்.

“அண்ணே, ஒரு வாய். ஒரே ஒரு வாய். ஒங்க சாமிகிட்ட நான் வேணும்னா சொல்லிக்கிறேன்.”

“இன்னிக்கு வேணவே வேணாம் குமுதா. இன்னிக்குத்தான் அவரே தாகமா இருந்த நாள்.”

“அவருக்கும் யாராவது குடுத்தாங்களா இல்லையா?”

சிலுவையில் அவருக்குப் புளித்த காடி கொடுத்தார்கள் என்று மாரிஸுக்குத் தெரியும். போத்தலைத் தொடாமல் உள்ளே போனார்.

பன்னிரண்டு மணிக்கு அரை நாள் விடுப்பில் புறப்பட்டு, உச்சி வெயிலில் பிரிக்பீல்ட்ஸ் திரும்பினார். மூன்று மணி வழிபாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். சிலுவையை முத்தமிட முழங்காலிட்டவரை இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. வழிபாடு முடிந்து கழிவறைக்குப் போனபோது, சிறுநீர் பால் விடாத கோப்பி ஓ நிறத்தில் வந்தது. நோன்பினால் இருக்கும் என்று நினைத்தார். வீட்டுக்கு வந்து காலண்டரில், மீன் படத்துக்குப் பக்கத்தில், நிமிஷத்தை எழுதினார். முந்நூறு. நம்பர் எழுதும்போது பென்சில் கொஞ்ச நேரம் நின்றது. மூன்று.

சனிக்கிழமை படி இறங்க முடியவில்லை. ஈஸ்டர் ஞாயிறன்று கோயிலில் உட்கார்ந்தபடியே இருந்தார். தண்ணீர் குடித்தார்; சிறுநீர் சரியாகப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் மேடையில் ஏறியபோது அது எண்பத்து மூன்றரை காட்டியது. வெள்ளிக்கிழமை காலையில் வீட்டில் எண்பத்தொன்று இருந்தது.

“எப்படி ஏறும்? நான் ஒண்ணுமே சாப்பிடலையே!” மாரிஸின் குரல் உடைந்தது.

டொரத்தி அவருடைய காலில் செருப்பு வார் பதிந்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லக் குனிந்து, அவர் கணுக்காலில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். குழி விழுந்தது. விரலை எடுத்தாள். குழி அப்படியே இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் தன் காலில் அவள் பார்த்த அதே குழி.

நிமிர்ந்தபோது அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ரத்தச் சோதனைத் தாள் வந்ததும், யாரையும் கேட்காமல் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் வரியைத் தானே தேடிப் படித்தாள். அந்த வரியைப் படிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டாக்டர், மாரிஸ் பெருமையோடு கொண்டுவந்திருந்த காலண்டரை ஒவ்வொரு மாதமாகப் புரட்டினார். தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்திருக்கிறது. தண்ணீர் இல்லாததும் வலி மாத்திரையும் சேர்ந்து அதைப் பெரிதாக்கிவிட்டன. ஆனால் இதில் கடைசி ஆறு வாரமும் மூன்று என்றல்லவா இருக்கிறது, உண்மையில் எவ்வளவு கடினமாக இருந்தது என்று கேட்டார். அதட்டவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

“எட்டு,” என்றார் மாரிஸ். “வெள்ளிக்கிழமை ஒன்பது.”

டொரத்தி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். யுகேந்திரன் முதல் நாளே வந்தான். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, “நான்தான் அங்கிள் கிள்ளான் போகச் சொன்னேன். எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. இருந்தும் சொன்னேன்,” என்று அழுதான். மாரிஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் கொடுத்த நம்பர வச்சுத்தானப்பா நீ சொன்ன? மீட்டர் பொய் சொல்லிருச்சு.” சைக்கிள் வந்த நாளில் சிரித்த சிரிப்பு இப்போது இருவருக்கும் வரவில்லை.

ஜூலையில் கடைசிச் சோதனை. சிறுநீரகம் ஓரளவு திரும்பியிருந்தது, முழுதாக இல்லை. இனி இவ்வளவுதான் என்றார் டாக்டர். இருப்பது இரண்டும் சேர்ந்து மாரிஸுக்கு மட்டுமே போதும்; இதிலிருந்து ஒன்றை எடுக்க எந்தக் குழுவும் சம்மதிக்காது. இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். டாக்டர் எழுந்து வந்து டொரத்தியின் தோளில் கை வைத்தார்.

மாரிஸ் மறுபடி ரயிலில் வேலைக்குப் போனார். ஆனால் தண்ணீரை வீட்டில் குடிக்கவில்லை. டொரத்தி மூன்று டம்ளரோடு நாளை ஓட்டும் வீட்டில், அவள் கண்ணெதிரே குடிக்க அவருக்குக் கை வரவில்லை. ஸ்டோரில் கொஞ்சம் குடிப்பார். சனி, ஞாயிறு குடிப்பதே இல்லை. குமுதா மட்டும் விடவில்லை. வெள்ளிக்கிழமை மாலை அவர் கிளம்பும்போது, டேப் ஒட்டிய போத்தலைப் பைக்குள்ளேயே திணித்துவிட்டாள். “நாளைக்குக் குடிக்கணும். திங்கக்கிழமை காலி போத்தலக் கேப்பேன், ஆமா.”

சனிக்கிழமை காலை யுகேந்திரன் காரைக் கொண்டுவந்தான். ஏப்ரலிலிருந்து சனிக்கிழமை டயாலிசிஸுக்கு அவன்தான் அழைத்துப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை மலையேற்றத்தையும் நிறுத்திவிட்டான். அவர்களை இறக்கிவிட்டு, முடியும்வரை கீழே காத்திருப்பான்.

தாதி உஷாராணி குழாயை இணைத்துவிட்டு, வழக்கம்போலத் தாளை எடுத்தாள். “ஆன்டி, வலி எத்தனை? சைபர்லேர்ந்து பத்துக்குள்ள.” கேட்டுக்கொண்டே ‘இரண்டு’ என்று எழுதத் தொடங்கிவிட்டாள். மூன்று வருஷமாக டொரத்தி சொல்லும் பதில் அது.

டொரத்தி, பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தாள்.

“ஏழு,” என்றாள்.

உஷாராணியின் பேனா நின்றது. “ஏழா? எப்பலேர்ந்து ஆன்டி?”

“ரொம்ப நாளாம்மா.”

“ஐயோ, வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?” உஷாராணி மெஷினைச் சற்று மெதுவாக்கினாள். தலையணையை உயர்த்தி, குழாய் இழுக்காதபடி டேப்பை மாற்றி ஒட்டினாள். எங்கிருந்தோ ஒரு கம்பளியைக் கொண்டுவந்து கால்மேல் போர்த்தினாள். “இப்ப?”

டொரத்தி யோசித்தாள். “அஞ்சு.”

ஏழிலிருந்து குறைந்த அந்த இரண்டு, மூன்று வருஷமாக அங்கே கேட்பாரில்லாமல் கிடந்திருக்கிறது என்று மாரிஸ் நினைத்தார். இதனால் எதுவும் மாறப்போவதில்லை. கழுத்துக் குழாய் எத்தனை மாதம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. பட்டியல் நகரவில்லை.

“நானும் ஒங்களமாதிரிதான்,” என்றாள் டொரத்தி. “என்கிட்டேர்ந்துதான் கத்துக்கிட்டீங்க. அந்த மூணப் பாத்துட்டு நான் நிம்மதியாத் தூங்கினேன் பாருங்க.”

“மன்னிச்சுரு டொரத்தி.”

“இன்னிக்கு எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?”

அவர் மடியிலிருந்த பையின் வாரைச் சரிசெய்தார்.

“பொய் சொல்லாதீங்க.”

“இன்னும் குடிக்கல.”

அவள் கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டி, அவர் மடியிலிருந்த பையைத் தொட்டாள். உள்ளே போத்தல் தட்டுப்பட்டது. இரவு ஃபிரிட்ஜில் வைத்திருந்ததால் இன்னும் குளிர்ந்திருந்தது. வெளியே எடுத்து, டேப்பில் இருந்த பெயரைப் படித்தாள்; குமுதா திங்கட்கிழமை காலிப் போத்தலைக் கேட்பாள் என்று அவர் முந்தின இரவே சொல்லியிருந்தார். மூடியைத் திறக்க அவள் விரல்களுக்கு வலுவில்லை. அவரிடம் நீட்டினாள்.

“குடிங்க.”

“வெளிய போயிக் குடிக்கிறேன்.”

“இல்ல. இங்கயே. என் முன்னாலயே குடிங்க. ஒங்களையும் இந்த மெஷின்ல நான் பாக்க முடியாது.”

மாரிஸ் மூடியைத் திருகினார். எலுமிச்சை வாசனை எழுந்தது. டொரத்தியின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியதை அவர் பார்த்தார். போத்தலைத் தாழ்த்தப் போனார். அவள் தலையை அசைத்தாள்.

அவர் குடித்தார். கண்ணீர் மூக்கின் ஓரமாக இறங்கி, போத்தலின் வாயில் கலந்தது. பாதியில் நிறுத்தியபோது அவள், “இன்னும் இருக்கு,” என்றாள். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, காலிப் போத்தலை அவளிடம் காட்டினார்.

டொரத்தி வறண்ட உதட்டை நாக்கால் ஒருமுறை ஈரப்படுத்திக்கொண்டு கண்ணை மூடினாள். “திங்கக்கிழமை அந்தப் பொண்ணுகிட்ட மறக்காமக் குடுங்க,” என்றாள்.